தோப்புக்கு மரங்கொத்தி வர என்ன செய்யலாம்? காய்களை அணிலிடமிருந்து காப்பது எப்படி?

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மரங்கொத்தியும் அணிலும் புதியவை அல்ல. மரங்கொத்தி எறும்பையும் புழுவையும் தின்பதால் அது வந்தால் நல்லது. அணில் கோகோ, கொய்யா, மாதுளை என்று பழுக்கும் நேரத்தில் கை வைப்பதால் அது தள்ளி நின்றால் நல்லது. ஒன்றை வரவழைத்து மற்றொன்றைத் தடுக்க முடியுமா என்று கேட்டால், ஓரளவு முடியும். ஆனால், வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவதைப் போலத் தீனித் தட்டைத் தொங்கவிடுவது அதற்கு வழி அல்ல.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலத்தில் மாட்டுக் கொழுப்பைக் கட்டியாக்கி, கம்பிக் கூண்டில் வைத்து மரத்தில் தொங்கவிடுவார்கள். அங்குள்ள மரங்கொத்திகள் அதைக் கொத்தித் தின்னும். நம் ஊர் வெயிலில் கொழுப்பு உருகி வழியும், இரண்டே நாளில் சிக்கெடுத்து நாறும். அந்தப் பிசுக்கு பறவையின் இறகில் பட்டால் அதற்கும் கேடு. கம்பு, சோளம், அரிசி வைத்தால் புறா, மைனா, காகம் வரும். கூடவே அணிலும் வரும். மரங்கொத்தி வராது. தேங்காய் மூடியைக் கவிழ்த்துக் கட்டினாலும் முதல் பந்தியில் உட்காருவது அணில்தான். தட்டு வைப்பது அணிலுக்கு இலவசச் சாப்பாடு போடுவதில்தான் முடியும்.

நம் தோப்பு மரங்கொத்தி என்ன தின்னும்?

கிராமங்களில் அதிகம் தென்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவைவிடப் பெரியது, நீளம் 26 முதல் 29 செ.மீ. முதுகு பொன் மஞ்சள், வாலுக்கு மேலே கருப்பு, தலையில் சிவப்புக் கொண்டை. ஆணுக்கு நெற்றியிலிருந்து உச்சி முழுவதும் சிவப்பாக இருக்கும். பெண்ணுக்கு முன்நெற்றி கருப்பாகி அதில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பின்பக்கம் மட்டுமே சிவப்பு. கத்துவது கனைப்புச் சிரிப்பு போலக் கேட்கும்.

பலர் கொண்டலாத்தியை மரங்கொத்தி என்று சொல்வதுண்டு. விசிறி போன்ற கொண்டையும், வளைந்த நீண்ட அலகும், இறக்கையில் கருப்பு வெள்ளைப் பட்டையும் உள்ள அந்தப் பறவை தரையில் நடந்து மண்ணைக் குத்திப் புழு எடுக்கும். மரத்தைத் துளைக்காது. அதுவும் விவசாயிக்கு வேண்டிய பறவைதான் என்றாலும், இங்கே பேசப்படுவது அதைப் பற்றி அல்ல.

பொன்முதுகு மரங்கொத்தியின் முக்கிய இரை எறும்பு. அதோடு கறையான், பட்டைக்குள் இருக்கும் வண்டுப் புழு, சிலந்தி ஆகியவற்றையும் எடுக்கும். விறைப்பான வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டு அடிமரத்திலிருந்து மேலே தாவித் தாவி ஏறும். பட்டையைத் தட்டி, பெயர்த்து, நீண்ட ஒட்டும் நாக்கை உள்ளே விட்டு இரையை இழுக்கும். கல்யாண முருங்கையும் இலவமும் பூத்திருக்கும்போது தேன் குடிக்கவும் வரும். எப்போதாவது கோகோ காயையோ இளங்காயையோ கொத்துவதும் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அணிலும் எலியும் செய்யும் சேதத்தோடு ஒப்பிட்டால் அது கணக்கில் வராது.

இதிலிருந்து ஒன்று புரியும். மரங்கொத்திக்கு வேண்டிய தட்டு, புழுவும் எறும்பும் இருக்கும் மரமே. அப்படிப்பட்ட மரத்தைத்தான் நாம் முதலில் வெட்டிச் சுத்தம் செய்கிறோம்.

ஒரு பட்ட கிளையாவது நிற்கட்டும்

வேலி ஓரத்தில் பட்டுப்போன கல்யாண முருங்கை, முருங்கை, இலவம், மா போன்றவற்றின் கிளையோ அடிமரமோ இருந்தால், வழியில் விழும் ஆபத்து இல்லாத இடத்தில் அதை அப்படியே விட்டுவிடலாம். மென்மையான மரம் உளுத்துப்போகும்போது அதில் எறும்பும் வண்டுப் புழுவும் குடியேறும். இரைக்காக வரும் மரங்கொத்தி பிறகு அதிலேயே பொந்து குடைந்து முட்டையிடவும் செய்யும். ஒரு சாண் குறுக்களவுக்குக் குறைவான கிளையில் அதற்குப் பொந்து குடைய இடம் போதாது. எனவே பருத்த துண்டாகப் பார்த்து விட வேண்டும்.

பட்ட மரமே இல்லாத தோப்பில், வெட்டிய முருங்கை அடிமரத்தில் நான்கைந்து அடி நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு கல்தூணிலோ இரும்புக் குழாயிலோ ஆள் உயரத்துக்கு மேலே செங்குத்தாகக் கட்டி வைக்கலாம். வீட்டுப் புழக்கடையில் வைப்பதாக இருந்தால் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் தள்ளி வைக்கவும். கறையான் வீட்டுக்குப் பரவக் கூடாது. முருங்கைக் கட்டை விரைவாக மக்கிவிடும். உதிரத் தொடங்கியதும் வேறு துண்டு மாற்ற வேண்டியதுதான். செலவு என்று பார்த்தால் கட்டுக்கம்பி மட்டுமே.

மரப்பெட்டிக் கூடு வைக்கலாமா என்றால், வைக்கலாம். மைனா வந்து குடியேறும். மரங்கொத்தி தன் பொந்தைத் தானே குடைந்துகொள்ளும் பறவை. ஆயத்தப் பெட்டிக்கு அது பெரும்பாலும் வருவதில்லை.

கட்டையிலும் அதைச் சுற்றியுள்ள மரங்களிலும் எறும்புப் பொடியோ கறையான் மருந்தோ போடக் கூடாது. போட்டால் இரை செத்துவிடும், மரங்கொத்திக்கு அங்கே வேலை இருக்காது. கோடையில் அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கல் போட்டு நிழலில் வைத்தால் எல்லாப் பறவைகளுக்கும் உதவும். கொசு வராமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

பட்ட தென்னை மட்டும் வேண்டாம்

இங்கேதான் கவனம் தேவை. மண்டை போன தென்னையைப் பார்த்தால் மரங்கொத்திக்குக் கொண்டாட்டம். வெளியே கெட்டி, உள்ளே சோறு. குடைவதற்கு அதைவிட நல்ல மரம் கிடைக்காது. அதனால் பறவை ஆர்வலர்கள் பட்ட தென்னையை வெட்டாதீர்கள் என்பார்கள். தென்னை விவசாயி அந்த யோசனையை அப்படியே ஏற்க முடியாது. மக்கும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். சிவப்புக் கூன்வண்டு தாக்கிச் செத்த மரத்துக்குள் அடுத்த தலைமுறை வண்டு காத்திருக்கும். ஒரு பறவைக் கூட்டுக்காக அதை நிறுத்தி வைத்தால், பக்கத்தில் காய்த்துக்கொண்டிருக்கும் மரங்கள் விலை கொடுக்க வேண்டி வரும்.

எனவே கூன்வண்டு தாக்கிய மரத்தை உடனே வெட்டி, பிளந்து, புழுக்களோடு எரித்துவிட வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் கூடாது. இடி விழுந்தோ முதிர்ந்தோ பட்டுப்போன மரத்தையும் பாளை, குருத்துப் பகுதி அழுகும் முன்பே அகற்றிவிடுவது நல்லது. பல ஆண்டுகளாக மண்டையின்றி நின்று காய்ந்துவிட்ட மொட்டைத் தண்டில் ஏற்கெனவே மரங்கொத்திக் குஞ்சுகள் இருந்தால் அது வேறு. அந்த மரத்தில் கூன்வண்டு அறிகுறி ஏதும் இல்லையென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். மரங்கொத்தி பெரும்பாலும் மூன்று முட்டை இடும். 11 நாள் அளவில் பொரிந்துவிடும். அடுத்த 20 நாள் அளவில் குஞ்சு பறந்துவிடும். ஐந்து வாரம் தள்ளி வெட்டினால் போதும். முட்டையோ குஞ்சோ இருக்கும் பொந்தைச் சிதைப்பதும், மரங்கொத்தியைப் பிடிப்பதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம் என்பதையும் மனதில் கொள்ளவும்.

தண்டில் துளை தெரிந்தால் பழியை யார் மேல் போடுவது?

மரங்கொத்தி தென்னையைக் கெடுக்கிறது என்ற புகார் பரவலாக உண்டு. துளையைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். மரங்கொத்தியின் கூட்டுத் துளை வட்டமாக, சுத்தமாக, உலர்ந்து இருக்கும். கை விரல்கள் குவித்தால் நுழையும் அளவு அகலம். மரத்தடியில் சிராய் சிதறிக் கிடக்கும். அது பெரும்பாலும் பட்ட மரத்திலோ, உள்ளே ஏற்கெனவே அழுகிப்போன இடத்திலோதான் இருக்கும்.

சிவப்புக் கூன்வண்டின் துளை சிறியது. அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடியும், மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருக்கும். காதைத் தண்டில் வைத்தால் உள்ளே புழுக்கள் கடிக்கும் சத்தம் கேட்கும். நடுக்குருத்தும் உள் மட்டைகளும் வாடத் தொடங்கினால் தாமதம் வேண்டாம். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்து அது மேலே ஏறிக்கொண்டே போனால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அதற்குக் காரணம் பூஞ்சணம். பறவையும் அல்ல, வண்டும் அல்ல.

பச்சை மரத்தின் ஒரே இடத்தை மரங்கொத்தி நாலைந்து நாள் தொடர்ந்து கொத்தினால், விரட்டுவதற்கு முன் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். உள்ளே எறும்புக் கூடு மட்டும் இருக்கலாம், புழுவும் இருக்கலாம். நம் கண்ணுக்கு முன் அதன் காதுக்குத் தெரிந்திருக்கும். அதற்காக மரங்கொத்தி கூன்வண்டை ஒழித்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஆழத்தில் குடைந்திருக்கும் புழு அதன் அலகுக்கு எட்டாது. கவர்ச்சிப் பொறி, தோப்புச் சுத்தம், மரத்தில் காயம் படாமல் பார்ப்பது ஆகிய வேலைகள் நம்முடையவை.

அணிலா, எலியா என்று முதலில் பாருங்கள்

அணிலைத் தடுப்பதற்கு முன் சேதம் செய்தது அணில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். கோகோ காயில் காம்புக்குப் பக்கத்தில் கடித்திருந்தால் எலி. காயின் நடுப்பகுதியில் ஓட்டை போட்டிருந்தால் அணில். அணில் பகலில் வரும், எலி இரவில் வரும் என்பதால் மாலையில் காய்களைப் பார்த்து வைத்துவிட்டுக் காலையில் மீண்டும் பார்த்தாலும் தெரிந்துவிடும். தென்னையில் குரும்பையும் இளங்காயும் ஓட்டையோடு விழுந்து கிடந்தால் பெரும்பாலும் அது எலியின் வேலை. அணிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது எலி நிம்மதியாகப் பெருகும்.

நம் ஊரில் இருப்பது முதுகில் மூன்று கோடுள்ள அணில். ஒரு ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி போடும். ராமர் தடவிய கோடு என்று அதை அடிக்க மனம் வராதவர்கள் பலர். அந்த நம்பிக்கை இல்லாதவர்களும் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாலு அணிலைக் கொன்றால் அடுத்த தோப்பிலிருந்து நாலு அணில் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். பழம் இருக்கும் வரை அணில் வரும். ஆகவே தடுக்க வேண்டியது அது காய்க்கு வரும் வழியை.

கோகோவில் பாதிச் சேதத்துக்குக் காரணம் தாமதமான அறுவடை. பழுத்த காயை மரத்திலேயே விட்டால், விதையைச் சுற்றியுள்ள இனிப்புச் சதைக்காக அணில் வந்துவிடும். பச்சை நிறம் மஞ்சளாகத் திரும்பியதும் 10 முதல் 15 நாளுக்கு ஒரு முறை தவறாமல் பறித்துவிட்டால் அதற்குக் கிடைப்பது குறையும். ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு முறை தள்ளிப்போட்டால் அந்த மாதம் அணிலுக்கு. கொய்யா, மாதுளையில் காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பையோ காகித உறையோ கட்டலாம். காய்த்துளைப்பானும் பழ ஈயும் அதனால் குறையும் என்பதால் உறைக் கூலி வீண்போகாது. புழக்கடையில் நாலைந்து மரம் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. ஏக்கர் கணக்கில் இருந்தால், வரப்பை ஒட்டி அணில் நுழையும் ஓர வரிசைகளுக்கு மட்டும் கட்டினாலும் பலன் உண்டு.

தகரப் பட்டை கட்டும்போது

எலிக்குக் கட்டும் தகரப் பட்டையே அணிலுக்கும் பொருந்தும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், 40 செ.மீ. அகலத்துக்கு வழவழப்பான ஜி.ஐ. தகடு மரத்தைச் சுற்றி இருக்க வேண்டும். நகம் பிடிக்காமல் வழுக்கிவிடும். கடையில் வாங்காமல் பழைய 15 கிலோ எண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் ஏறக்குறைய 94 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் உள்ள தகடு கிடைக்கும். மெல்லிய தண்டுள்ள தென்னைக்கு ஒரு டின் போதும். பருத்த மரத்துக்கு இரண்டை இணைக்க வேண்டியிருக்கும். அகலம் சற்றுக் குறைவுதான், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

தென்னையில் ஆணி அடித்துப் பொருத்தாதீர்கள். தண்டில் படும் காயத்தின் வாசனை கூன்வண்டை அழைத்துவரும். அணிலைத் தடுக்கப் போய் அதைவிடப் பெரிய வினையைத் தேடிக்கொண்டதாகும். கட்டுக்கம்பியால் மேலும் கீழும் முறுக்கிக் கட்டினால் போதும். தென்னை பக்கவாட்டில் பருப்பதில்லை என்பதால் கம்பி இறுகும் பயம் இல்லை. மா, கொய்யா போன்ற பருக்கும் மரத்தில் கட்டினால் ஆண்டுக்கு ஒரு முறை அவிழ்த்துத் தளர்த்த வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மரமேறுபவர் வரும் தோப்பாக இருந்தால் தகடு கட்டியிருப்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடவும். கால் வழுக்கும், ஓரம் கிழிக்கும். ஏறிப் பறிக்கும் மரங்களில் ஏறும் நாளன்று கழற்றி மாட்டும்படி கட்டுவதோ, துரட்டியால் பறிக்கும் மரங்களுக்கு மட்டும் கட்டுவதோ நல்லது. ஒரு மனிதரின் காலைவிடப் பத்துக் காய் பெரிதல்ல.

பக்கத்து மரத்தின் மட்டை உரசிக்கொண்டிருந்தால் எத்தனை தகடு கட்டினாலும் பயனில்லை. அணில் தரைக்கு இறங்காமலே மட்டைக்கு மட்டை தாவிவிடும். நெருக்கி நட்ட தோப்பில் எல்லா மரத்துக்கும் கட்டினால்தான் பலன். அதற்கு ஆகும் செலவைச் சேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். தனித்து நிற்கும் மரத்துக்கும், முன்பு சொன்ன முருங்கைக் கட்டை கட்டிய தூணுக்கும் இது முழுப் பலன் தரும். தூணில் தகடு இருந்தால், சந்தர்ப்பம் கிடைத்தால் முட்டையைத் தின்னும் அணிலிடமிருந்து மரங்கொத்திக் கூடும் தப்பிக்கும். தூணைக் கிளைகளிலிருந்தும் மதிலிலிருந்தும் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நட வேண்டும். வழுக்கட்டும் என்று கிரீஸ் பூசுவது தவறு. அது பறவையின் இறகில் ஒட்டினால் பறக்கவும் முடியாது, உடல் சூட்டைக் காக்கவும் முடியாது.

மிளகாய்த் தூள் வேலை செய்யுமா?

செய்யும், ஓரளவுக்கு. பழுத்த மிளகாயைக் கிளி கொத்தித் தின்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. அணில், எலி, மனிதன் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும். அதனால் மற்ற பறவைகளுக்காகத் தானியம் வைப்பவர்கள், கொஞ்சம் எண்ணெயில் மிளகாய்த் தூளைப் பிசறிக் கலந்தால் பறவை தின்னும், அணில் ஒதுங்கும். எண்ணெய் இல்லாமல் வெறும் தூளாகப் போட்டால் காற்றில் பறந்து பறவையின் கண்ணிலும் உங்கள் கண்ணிலும் விழும். மரத்தில் இருக்கும் காய்களுக்கு மிளகாய்க் கரைசல் தெளித்தால் ஒரு மழையில் போய்விடும். அறுவடைக்கு முந்தைய சில நாட்களுக்கு வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

விஷ உணவு வைப்பதைத் தவிர்க்கவும். தோப்பில் வைத்த விஷத்தை அணில் மட்டும் தின்னாது. கோழியும் மயிலும் தின்னும். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் ஆந்தையும் அதனாலேயே சாகும். இரவில் உங்களுக்காக எலி பிடிக்கும் கூலி இல்லாத ஆட்கள் அவை.

மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனா, குண்டுகரிச்சான், கிளி ஆகியவை குடியேறும். முதல் இரண்டும் பூச்சி தின்பவை. பக்கத்தில் மக்காச்சோளமோ கொய்யாவோ போட்டிருப்பவர்களுக்குக் கிளி தலைவலி. அப்படிப்பட்டவர்கள், உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மழைக்காலத்தில் காலிப் பொந்தைக் களிமண்ணால் அடைத்துவிடலாம்.

மரங்கொத்தி பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூலை வரை கூடு கட்டும். பட்ட கிளைகளில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று கார்த்திகை, மார்கழியில் தோப்பைச் சுற்றி வந்து முடிவு செய்யலாம். கட்டை நடுவதையும் தகடு கட்டுவதையும் தை மாதத்துக்குள் முடித்துவிடலாம். கூடு கட்டத் தொடங்கிய பிறகு அந்த மரத்தடியில் தென்னை ஓலை கொளுத்துவதை மட்டும் நிறுத்தி வையுங்கள்.